மூன்று மைல் போன வீட்டு வண்டி

போன வாரம் நம் பள்ளித் தோழிகள் வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ஒரு கணவனும் மனைவியும் காருக்குப் பின்னால் குட்டி வீடு ஒன்றை மாட்டிக்கொண்டு, லாட்ஜ் செலவு இல்லாமல், தாங்களே பொங்கித் தின்றுகொண்டு, மாதக்கணக்கில் ஊர் சுற்றக் கிளம்புகிறார்கள். நீங்கள் எல்லாரும் வரிசையாக இதயம் போட்டீர்கள். 'நமக்குத்தான் இந்தக் கொடுப்பினை இல்லாமப் போச்சு' என்று ஒருத்தி எழுதினாள். 'இந்த முட்டுவலிய வச்சுக்கிட்டு அந்த ஏணில ஏறுவியாக்கும்' என்று இன்னொருத்தி. நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. கோபமா என்று தனியாகக் கேட்டவளுக்கு இல்லை என்று பதில் அனுப்பிவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்களில் பாதிப் பேர் எங்கள் வீட்டு வாசலில் நின்ற வண்டியைப் பார்த்திருக்கிறீர்கள். அப்போது நாம் ஐந்தாம் வகுப்பு. ஏறிப் பார்க்கட்டுமா என்று கேட்டு வந்தவர்களை, செருப்பைக் கழற்றிப் போடு, கையைத் துடை, பலகையில் உட்காராதே என்று அதிகாரம் பண்ணி ஏற்றிவிட்டவள் நான்தான். அந்த வண்டி எங்கே போயிற்று என்று அப்புறம் நீங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது சொல்கிறேன், ஏனென்றால் யார் காதில் இது விழக் கூடாதோ அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

எல்லாம் ஒரு இன்லண்ட் லெட்டரில் ஆரம்பித்தது. என் பெரியம்மா, அம்மாவின் ஒரே அக்கா, நாக்பூரில் இருந்தாள். பெரியப்பா அங்கே நம் கோவில்பட்டித் தீப்பெட்டிகளுக்கு ஏஜெண்டு. அம்மாவுக்கு மூன்று வயதிலேயே தாய் இல்லை. தலை பின்னிவிட்டது, பேன் பார்த்தது, பெரியவளானபோது சேலை கட்டிவிட்டது எல்லாம் பெரியம்மாதான். அவளுக்கு வயிற்றில் கட்டி என்று கடிதம் வந்தது. 'ஆபரேசன் பண்ணணும்னு டாக்டர் சொல்லுதாரு. எந்தங்கச்சி வந்து முகத்தைப் பாத்த பொறவுதான் மேசைல படுப்பேன்னு சொல்லிப்போட்டேன். வரும்போது மிதுக்க வத்தல் கிடைச்சாக் கொண்டா. நாக்கு செத்துக் கிடக்கு' என்று எழுதியிருந்தாள். அம்மா அதை அடுப்படியில் நின்றுகொண்டே நாலு தடவை படித்தாள். பருப்பு அடிப்பிடித்துப்போனது.

"ஏங்க, நான் போகணும்" என்று அப்பாவிடம் சொன்னாள். அம்மா அப்பாவிடம் 'வேணும்' என்று கேட்டு நான் அறிந்த முதல் சங்கதி அதுதான்.

அப்பாவுக்குச் சின்னத் தீப்பெட்டி ஆபீஸ், நம் ஊரில் தொழிற்சாலைக்கு அதுதானே பேர். ஆள் கஞ்சன் இல்லை, ஆனால் ஒரு செலவுக்கு ஒரு பலன்தான் கிடைக்கிறது என்றால் ராத்தூக்கம் கெட்டுவிடும். நாலு பேரும் ரயிலில் போகலாமே என்று அம்மா சொன்னபோது அவர் சொன்னது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. "ரயிலுக்குக் குடுத்த துட்டு புகையாப் போயிரும். அதையே ஒரு வண்டியாச் செஞ்சா நம்ம வாசல்ல நிக்கும்லா? போற வழியில நம்ம ஏஜெண்டுகளைப் பாத்துருதேன். லாட்ஜு வேண்டாம், ஓட்டல் வேண்டாம். நாக்பூர் வரைக்கும் போயாச்சுன்னா காசி எட்டிப் புடிக்கிற தூரந்தான்."

அக்காளைப் பார்க்கக் கிளம்பிய பயணம் ஒரே மூச்சில் காசி யாத்திரை ஆகிவிட்டது. கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்கிற மனுசரிடம் எப்படிக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று யாரால் வாதாட முடியும்?

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஒன்று இருந்தது. ஊர் ஊராகப் போகிற டூரிங் கொட்டகைக்காரர் ஒருவர் ஜெனரேட்டரை ஏற்றி இழுக்க அங்கே ஒரு டிரைலருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, கொட்டகை நொடித்துப்போய் வராமலே இருந்துவிட்டார். நாலு சக்கரமும் அடிச்சட்டமுமாகத் துருப்பிடித்துக் கிடந்ததை அப்பா பிடித்துப் போட்டார். தீக்குச்சிக்கு வருகிற மரக்கட்டைகளில் தேறியதை அறுத்துச் சட்டம் போட்டு, தகரம் அடித்து, உள்ளே பிளைவுட் வைத்து, புரட்டாசி முழுக்கப் பட்டறையில் வேலை நடந்தது. அண்ணனும் நானும் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான் ஓடுவோம்.

அந்த வண்டிக்குள் இருந்த வாசனையை எழுதத் தெரிந்தால் எழுதிவிடுவேன். புதுப் பெயிண்ட், மரத்தூள், வெயிலில் காய்ந்த தகரம், அதற்கு மேலே லேசாகக் கந்தக நெடி. சுவரோடு மடித்து வைக்கிற பலகைக் கட்டில் ரெண்டு. மண்ணெண்ணெய் ஸ்டவ் வைக்க ஒரு மாடம். தண்ணீருக்கு ஒரு டிரம், அதற்குப் பித்தளைக் குழாய். ஜன்னலுக்கு அம்மாவின் பழைய சுங்கடிச் சேலையைக் கிழித்துத் திரை. சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற செலவு எதற்கு என்று அப்பா, அச்சுத் தப்பிப்போன தீப்பெட்டி லேபிள் தாள்களைக் கொண்டுவந்து ஒட்டினார். சிவப்பு ஒரு பக்கம் பச்சை ஒரு பக்கமாக நகர்ந்து, ரெண்டு அலகு உள்ள கிளிகள். ஆயிரக்கணக்கில் கிளிகள். படுத்துக்கொண்டு பார்த்தால் கண் கட்டும்.

தெருவில் கேலிக்குப் பஞ்சமில்லை. "அண்ணாச்சி, தேரு எப்ப நிலையை விட்டுப் பொறப்படுது?" என்று எதிர்க் கடைக்காரர் தினமும் கேட்பார். அப்பா சிரித்துக்கொண்டே, "வடம் புடிக்க ஒம்மையும் கூப்பிடுதேன்" என்பார். ஆபீசில் தீக்குச்சி அடுக்குகிற பிள்ளைகளும் ஒருநாள் மத்தியானம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். எல்லாம் என் வயசு, என்னைவிடச் சின்னதும் உண்டு. வெளியே நின்று எட்டிப் பார்த்தார்களே ஒழிய ஒருத்தியும் ஏறவில்லை. ஏறு என்று நானும் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் வேலை செய்த துட்டில்தான் அந்த வண்டி நின்றது என்பது எனக்கு உறைக்க இன்னும் பத்து வருசம் ஆயிற்று.

அம்மா முதலில் அந்த வண்டிக்குள் காலே வைக்கவில்லை. பெரியம்மாவிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. 'வலி கூடுது. ஒன் வீட்டுக்காரரு வண்டி செய்யுதாராமே, எழுதியிருக்காரு. பைய வாங்க, நான் காத்திருக்கேன்' என்று இருந்தது. அதற்கப்புறம் அம்மாவுக்கு ஒரு வேகம் வந்தது. மிளகாய்ப் பொடி திரித்தாள். புளியைக் கொட்டை எடுத்து உப்புப் போட்டு அடைத்தாள். கருப்பட்டியை ஓலைப் பெட்டியோடு வாங்கி வைத்தாள். மிதுக்க வத்தலுக்காகக் கழுகுமலைப் பக்கம் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டு, காட்டுக் கொடியில் காய்க்கிற மிதுக்கங்காயைக் காடுமேடாக அலைந்து பறித்து மோரில் ஊறப்போட்டுக் காயவைத்த வத்தலை ஒரு டப்பா நிறைய வாங்கிவிட்டாள். எங்களுக்கு அதில் ஒன்று தரமாட்டாள். "அது அக்காளுக்கு" என்று மூடியை அமுக்கிவிடுவாள்.

ஐப்பசி பிறந்தது. சோசியரைக் கூப்பிட்டு நாள் பார்த்தார்கள். அந்த மாதத்தில் வடக்கே போக, எங்கள் குடும்பத்து நட்சத்திரங்களுக்குச் சேர்ந்து வருவது ஒரே ஒரு வியாழக்கிழமை காலைதான் என்றார் சோசியர். அதை விட்டால் கார்த்திகைதான். ஆனால் அப்பாவுக்கு அந்த வியாழக்கிழமை கிளம்ப முடியாது. வடக்கே போகிற சரக்கு கட்டிக் கிடந்தது, ரயில்வேயில் சரக்கு வேகன் ஒதுக்கவில்லை. சரக்கு ஏறாமல் முதலாளி ஊரை விட்டுப் போனால் யாபாரம் எப்படி நடக்கும்?

"அப்பப் பரஸ்தானம் வச்சுருங்க" என்றார் சோசியர்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள், பயணத்துக்கு வேண்டிய ஒரு மூட்டையையாவது ஒரு துணியையாவது அந்த நேரத்தில் எடுத்துப் போய், போகிற திசையில் வேற்று வீட்டில் வைத்துவிடுவார்கள். வைத்துவிட்டால் பயணம் தொடங்கியாயிற்று என்று கணக்கு. அப்புறம் வசதிப்பட்ட நாளில் புறப்பட்டு, வழியில் அதை எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் வைத்ததைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. தொடங்கின பயணத்தைக் கலைத்துவிட்டு வேறு பயணம் வைக்கக் கூடாது.

ஊரில் எல்லாரும் மூட்டையைத்தான் வைப்பார்கள். எங்கள் அப்பா வண்டியையே வைத்தார்.

அந்த வியாழக்கிழமை காலையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோசமாகத்தான் இருக்கிறது. அதுதான் வேதனையே. ஆபீஸ் ஜீப்பின் பின்னால் வண்டியை மாட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்துக் கிளம்பினோம். அப்பா ஜீப்பில். அம்மாவும் அண்ணனும் நானும் வண்டிக்குள். டிரம்மில் தண்ணீர் தளும்பியது. ஸ்டவ்வும் டம்ளர்களும் கடகடவென்று ஆடின. சுங்கடித் திரை பறந்து என் முகத்தில் அடித்தது. ஜன்னலில் ஸ்பின்னிங் மில் போயிற்று, கடலை மிட்டாய்க் கம்பெனியின் பாகு வாடை வந்தது, அப்புறம் ரெண்டு பக்கமும் வெறும் கறுப்பு மண். வெடித்துக் கிடந்தது. என் கையை நுழைத்தால் முழங்கை வரை போகும், அப்படி வெடிப்பு. அம்மா ஒரு கையால் பலகையையும் மறு கையால் மிதுக்க வத்தல் டப்பாவையும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இப்படியே நேரா விட்டுட்டா என்னட்டி" என்று என்னிடம் கேட்டாள். நான் விளையாட்டு என்று நினைத்தேன்.

சாத்தூர் ரோட்டில் மூன்று மைல் போனதும் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு சம்சாரியின் நிலம். சம்சாரி என்றால் நம் பக்கத்தில் விவசாயம் பார்க்கிறவர். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்களிடம் தமிழில் பேசுவார், மாடுகளிடம் தெலுங்கில் பேசுவார். நிலத்தின் ஓரத்தில் அவருடைய ஓட்டு வீடு.

அப்பா ஜீப்பை ரோட்டை விட்டு இறக்கி நிலத்துக்குள் ஓட்டினார். சம்சாரி ஓடி வந்தார். "அண்ணாச்சி, உள்ள விடாதிய. ரோட்டோரச் சரள்ல நிப்பாட்டுங்க. இது கரிசலு."

"ரோட்டோரம் நிப்பாட்டுனா லாரிக்காரன் ஒருத்தன் தட்டிட்டுப் போயிருவான். ஸ்டவ்வு, சாமான் எல்லாம் இருக்கு. ஓம்ம கண்ணு பாக்க இங்கன நிக்கட்டும். நாலு நாளு, வந்து எடுத்துருதேன்."

"மழை கிழை வந்துட்டா?"

"மூணு வருசமாக் காணாத மழை என் வண்டிக்காகவா வரப்போவுது?" என்று அப்பா சிரித்தார். சம்சாரியும் கூடச் சிரித்துவைத்தார். மழை வராது என்று ஒரு சம்சாரியிடம் போய்ச் சொல்வது எவ்வளவு பெரிய பேச்சு என்று டவுனில் பிறந்த அப்பாவுக்குத் தெரியவில்லை. வண்டியின் நிழலில் உட்கார்ந்து தயிர்ச்சோறும் துவையலும் சாப்பிட்டுவிட்டு, வண்டியைக் கழற்றி விட்டுவிட்டு ஜீப்பில் வீட்டுக்கு வந்தோம். வத்தல் டப்பாவையும் வண்டியிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார் அப்பா, பரஸ்தானத்தோடு இருக்கட்டும் என்று.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. மூன்று வருசத்து மழையும் சேர்ந்து பிடித்தது.

ஊரே கூத்தாடியது. தெருவில் நனைந்துகொண்டே ஆட்கள் நடந்தார்கள். எதிர்க் கடைக்காரர் அவ்வளவு கேலி பண்ணுகிறவர், அன்றைக்கு அப்பாவைப் பார்த்ததும் கடைக்குள் போய்விட்டார். அம்மா ஒருத்திதான் சன்னலில் நின்று, "போதும் தாயே, போதும்" என்று கும்பிட்டாள். மழை வேண்டாம் என்று கும்பிட்ட ஒரே கரிசல்காட்டுப் பொம்பளை அவளாகத்தான் இருப்பாள்.

மழை விட்ட அன்று போய்ப் பார்த்தோம். ரோட்டிலிருந்து நிலத்தில் இறங்கியதும் என் செருப்பு ஒன்று போயிற்று. நாலு எட்டு வைப்பதற்குள் காலில் மண் ஒட்டி, ஒட்டினதின் மேல் ஒட்டி, காலைத் தூக்கவே முடியவில்லை. வண்டி அச்சு வரைக்கும் இறங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நாலு சோடி மாடு பூட்டினார்கள். "பத, பத" என்று மாடுகளை நடக்கச் சொல்லிச் சம்சாரி தெலுங்கில் கெஞ்சினார். கயிறு அறுந்து ரெண்டு மாடு முட்டி போட்டு விழுந்தது. வண்டி இன்னும் ஒரு சாண் இறங்கியது.

"தண்ணி வத்தி மண்ணு இறுகுனாத்தான் அசையும், அண்ணாச்சி. ஒரு மாசம் ஆவும்" என்றார் சம்சாரி. அப்புறம், "தப்பா நினைக்கப்படாது. நான் வெதைக்கணும். ஈரம் போயிட்டா அம்புட்டுத்தான்" என்றார்.

"வெதையுங்க" என்றார் அப்பா.

வண்டியைச் சுற்றி விட்டுவிட்டு விதைத்தார்கள். தீபாவளிக்கு நாங்கள் பட்சணம் கொண்டுபோனபோது வண்டியைச் சுற்றிலும் முளை விட்டிருந்தது. அத்தனை கறுப்பில் அத்தனை பச்சையை அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. சம்சாரியின் பெண்டாட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வண்டி வந்த ராசிதான் மழை" என்று அழுதாள். அம்மாவும் அழுதாள். ரெண்டு பேரும் அழுதது ஒன்றுக்காக இல்லை என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது.

தீபாவளி கழித்து நாக்பூரிலிருந்து பெரியப்பாவின் கடிதம் வந்தது. இனித் தள்ளிப்போட முடியாது, டாக்டர் வருகிற புதன்கிழமை நாள் குறித்துவிட்டார், தங்கச்சி வராமல் முடியாது என்று இவள் அடம் பிடிக்கிறாள், உடனே ரயிலில் ஏறி வரவும் என்று எழுதியிருந்தார்.

அப்பா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "கெளம்பு. சாயங்கால ரயிலைப் புடிப்போம். மெட்ராஸ் போனா அங்கருந்து வண்டி இருக்கு" என்றார். அந்த மனுசரைப் பற்றி நான் இவ்வளவு நேரம் கேலியாக எழுதினேன். அந்த நேரத்தில் அவர்தான் சரியாகப் பேசினார்.

"பரஸ்தானம்?" என்றாள் அம்மா.

"உசுரு பெருசா பரஸ்தானம் பெருசா? சரக்கு கெடக்கட்டும், வண்டி கெடக்கட்டும். நாம ரெண்டு பேரும் போவோம். பிள்ளைகளைக் கயத்தாத்துல எங்க அக்கா வீட்டுல விட்டுருவோம்."

சோசியரைக் கேட்கலாம் என்றால் அவர் சஷ்டி விரதம் இருக்கக் கழுகுமலைக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் ஒரு பரிகாரம் சொல்லியிருப்பார். தேங்காய் உடை, போ என்றிருப்பார். அம்மா தகரப் பெட்டியை எடுத்து, ரெண்டு சேலையும் அப்பாவின் வேட்டிகளும் வைத்தாள். கை வேகமாக வேலை செய்தது. முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருந்தது.

எனக்கு என்ன வந்தது? நான் கயத்தாற்று அத்தை வீட்டில் கிடக்க வேண்டும். வீட்டு வண்டி கிடையாது, நாக்பூர் கிடையாது, காசி கிடையாது. அத்தனை பேரிடமும், உங்களிடமும்தான், நான் பீற்றிக்கொண்டது எல்லாம் போயிற்று. முதலில் அழுதேன். அம்மா தலையைத் தடவினாள், ஆனால் பெட்டியை மூடினாள். சாப்பிட மாட்டேன் என்றேன். "சரி, பசிச்சாத் தின்னு" என்றாள். அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி போயிற்று. அழுகையை நிறுத்தினேன். பெரிய மனுசி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, பதறாமல் சொன்னேன்.

"பரஸ்தானத்தைக் கலைச்சுட்டுப் போனா பெரியம்மா செத்துப்போயிருவாம்மா."

அம்மா அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும், பலித்துவிட்டது, இனி ரயில் கிடையாது என்று எனக்குள் ஒரு சந்தோசம் வந்தது. பத்து வயசுப் பிள்ளைக்கு அது தெரியுமா என்று என்னைச் சமாதானப்படுத்தாதீர்கள். தெரியும். நன்றாகத் தெரிந்துதான் சொன்னேன். பெரியம்மா சாவாள் என்று நினைத்துச் சொல்லவில்லை. அம்மா போகக் கூடாது என்று நினைத்துச் சொன்னேன். அம்மா எதற்குப் பயப்படுவாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"பிள்ளை வாயில வந்துட்டே" என்று அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா என்னென்னவோ சொன்னார். சின்னக் கழுதை என்னத்தையோ உளறுது என்று என்னை அடிக்கக்கூடக் கை ஓங்கினார். அம்மா குறுக்கே விழுந்தாள். "அவளை அடிக்காதிய. அவ சொல்லல. அவளை யாரோ சொல்ல வச்சிருக்காவ. தெய்வம் பிள்ளை வாயிலதான் வரும்" என்றாள். சாயங்கால ரயில் கூவிவிட்டுப் போனது எங்கள் வீட்டுக்குக் கேட்டது. அம்மா பெட்டியிலிருந்து சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள். எனக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். நான் தின்றேன்.

புதன்கிழமை ஆபரேசன். வெள்ளிக்கிழமை காலையில் தந்தி வந்தது.

அப்பாவும் அம்மாவும் அன்றைக்கே ரயில் ஏறினார்கள். அவர்கள் போய்ச் சேருமுன் பெரியம்மாவை எரித்தாயிற்று. பதினாறாம் நாள் காரியத்துக்கு இருந்துவிட்டு வந்தார்கள். வந்தபோது அம்மாவின் கையில் பெரியம்மாவின் ஒரு பழைய சேலை இருந்தது. மேசையில் ஏற்றுகிற வரைக்கும், ஆஸ்பத்திரி வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால், கிளி ஒட்டின வண்டியா பாருங்க என்று பெரியம்மா சொல்லிக்கொண்டே இருந்தாளாம். கிளி ஒட்டினதை அப்பா பெருமையாகக் கடிதத்தில் எழுதியிருந்தார்.

தை மாதம் மண் இறுகி, டிராக்டர் கட்டி வண்டியை வெளியே இழுத்தார்கள். ஒரு அச்சு வளைந்திருந்தது. மிதுக்க வத்தல் டப்பாவில் தண்ணீர் இறங்கிப் பூஞ்சை பூத்துக் கிடந்தது. அதை அம்மா கண்ணில் காட்டாமல் அண்ணன் வாய்க்காலில் கொட்டினான். அப்பா வண்டியை வீட்டுக்குக் கொண்டுவராமல் அப்படியே விற்றார். வாங்கினவர் கயத்தாற்றில் லாரிகள் நிற்கிற இடத்தில் அதை டீக்கடை ஆக்கினார். கல்லூரிக்குப் போகும்போது பஸ் அங்கே நிற்கும். ஒருதரம் இறங்கிப் போய் டீ குடித்தேன். அடுப்புக் கரியில் கிளிகள் எல்லாம் கறுத்திருந்தன.

இதுவரைக்கும் நடந்தது ஒரு பிள்ளை செய்த தப்பு. இதற்குமேல் நடந்தது பெரியவளான நான் செய்தது.

அக்காள் செத்ததற்குக் காரணம் தான்தான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். ரயிலுக்குப் போகாததால் இல்லை. பெட்டியில் சேலையை எடுத்து வைத்ததால். "ஒரு பரஸ்தானம் இருக்கையில இன்னொரு பயணத்துக்குப் பொட்டிய எடுத்தேன் பாத்தியா, அப்பமே கலைஞ்சுபோச்சு. எம்மவ வாயில வந்து சாமி சொல்லுச்சு. அதுக்குள்ள நான் கையை வச்சுட்டேன்" என்று கேட்கிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். அப்பா அதை மறுத்துப் பேசிப் பேசி அலுத்துவிட்டார். தான் வண்டியைக் கரிசலில் விட்டதுதான் காரணம் என்பது அவர் கட்சி. அவரும் அதைச் சுமந்துகொண்டே போய்ச் சேர்ந்தார். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பழியைத் தூக்கிக்கொண்டு ஒரே வீட்டில் இருந்தார்கள். பழிக்குச் சொந்தக்காரி நான் நடுவில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தேன்.

அதோடு விட்டதா? நான் சொன்னால் பலிக்கும் என்று ஆகிவிட்டது. அண்ணன் பரீட்சைக்குப் போனால், "ஏட்டி, ஒரு வார்த்தை சொல்லு" என்பாள் அம்மா. நான் "பாசாயிருவான்" என்று சொல்ல வேண்டும். தெருவில் பெண் பார்க்க வருகிற வீட்டில்கூட என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். கல்யாணமாகிப் போன பிறகும், டெலிபோனில் கூப்பிட்டு, பக்கத்து வீட்டு மருமகளுக்குச் சுகப்பிரசவம் ஆகுமா, சொல்லுட்டி என்பாள். எரிச்சலாக வரும். சொல்லித் தொலைப்பேன். பலிக்காமல் போனது எத்தனையோ. அதெல்லாம் அவள் கணக்கில் சேராது.

அப்போதெல்லாம் சொல்லியிருக்கலாம். "அம்மா, சாமியும் இல்லை பூதமும் இல்லை. கயத்தாத்துல விட்டுட்டுப் போயிருவீங்கன்னு நான் சொன்ன பொய் அது" என்று ஒரு வாக்கியம். அது அவள் தலையிலிருந்து அந்தப் பழியை இறக்கியிருக்கும். என் தலையில் ஏறியிருக்கும். அதுதான் விசயம், வேறு என்ன? அவள் மனசு கஷ்டப்படும் என்று எனக்கு நானே நொண்டிச்சாக்குச் சொல்லிக்கொண்டேன். தெய்வ வாக்குள்ள பிள்ளை என்று அவள் என்னைப் பார்க்கிற பார்வையை விட எனக்கு மனசில்லை.

அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தது ஒன்பது நாள். எட்டாம் நாள் மத்தியானம் நல்ல நினைவோடு இருந்தாள். நர்ஸ் வெளியே போயிருந்தாள், அண்ணன் சாப்பிடப் போயிருந்தான். என் கையைப் பிடித்து இழுத்துக் குனியச் சொன்னாள். என்னம்மா, தண்ணி வேணுமா என்றேன்.

"அங்கன போனா அக்காளைப் பாப்பேனா? நீ சொல்லு" என்றாள்.

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்கப்போவதில்லை. வாய் வரைக்கும் வந்தது. அவள் கண்ணை எடுக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பம்மா" என்றேன்.

"நீ சொன்னாச் சரி" என்று கையை விட்டாள்.